யாத்தெங்காவின் குழிகளும் கல் வரப்புகளும்: பட்டறிவும் ஆய்வும் ஒரு கூட்டுறவில் சந்தித்த கதை

1962-இல் அப்பர் வோல்டாவின் வடக்கே, யாத்தெங்கா வட்டாரத்துக்குள் புல்டோசர்கள் வந்து இறங்கின. இன்று புர்கினா பாசோ என்று அழைக்கப்படும் அந்த மேற்கு ஆப்பிரிக்க நாடு பிரான்சிடமிருந்து விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜெரெஸ் என்ற ஐரோப்பிய மண் மீட்புத் திட்டம் 1965-க்குள் ஏறக்குறைய 1,20,000 ஹெக்டேரில், நம் கணக்கில் மூன்று லட்சம் ஏக்கரில், மண் வரப்பு போட்டு முடித்தது. பொறியியல் நோக்கில் பெரிய பிழை சொல்ல முடியாது. மண் அரித்துப் போகிறது, தடுக்க வேண்டும், வரப்பு போட்டார்கள்.

விவசாயிகளிடம்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்டிலிருந்து வழிந்து வரும் மழைநீரை நம்பித்தான் பல வயல்கள் விளைந்துகொண்டிருந்தன. புதிய வரப்பு அந்த நீரை மறித்து வேறு பக்கம் தள்ளியது. நடைபாதை, மாட்டுப் பாதை எல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டன. உடைந்த இடத்தைச் சரிசெய்ய ஒருவரும் வரவில்லை. சில இடங்களில் ஊர்க்காரர்களே வரப்பை வெட்டி விட்டார்கள். சில மழைக்காலங்களுக்குள் பெரும்பகுதி கரைந்து போனது.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே யாத்தெங்காவில், அதே மக்கள், தலையிலும் கழுதை வண்டியிலும் கல் சுமந்து நூற்றுக்கணக்கான கிராமங்களில் வரப்பு போட்டார்கள். இடையில் என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. உள்ளூர் அறிவும் அறிவியலும் கைகோத்தன என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகலாம். எழுதியவர்கள் நிறையப் பேர். ஆனால் அறிவு தானாகக் கைகோப்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்று தீர்மானிக்க ஓர் இடம் வேண்டும். யாத்தெங்காவில் அந்த இடமாக இருந்தது கிராமக் குழு.

நிலம்

யாத்தெங்காவின் தலைநகர் வாயிகூயா. மொஸ்ஸி மக்களின் பூமி; பேசுவது மூரே மொழி. முக்கியப் பயிர் சோளமும் கம்பும். ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை மழை. தமிழ்நாட்டு வறண்ட மாவட்டக்காரர்களுக்கு இந்த எண் பெரிய அதிர்ச்சி தராது. ஆனால் அங்கே அத்தனை மழையும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி எட்டு மாதம் ஒரு துளி கிடையாது. பெய்யும்போதும் அடித்துக் கொட்டும்.

1968 முதல் 1973 வரை, சஹாராவுக்குத் தெற்கே நீளும் வறண்ட பட்டையான சாஹேல் முழுவதையும் உலுக்கிய வறட்சி யாத்தெங்காவையும் சுருட்டியது. 1983-84-இல் மறுபடியும் ஒன்று. மரங்கள் பட்டன, ஆடுமாடுகள் செத்தன. மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக அறைந்து அறைந்து மேல்மண் ஓடு கட்டிவிட்டது. அப்படி இறுகிய வெற்று நிலத்துக்கு மூரேயில் ஸிப்பெல்லே என்று பெயர். அதன் மேல் விழும் மழை உள்ளே இறங்காது, வழிந்தோடிவிடும். 1980-களின் தொடக்கத்தில் கிணற்று நீர்மட்டம் ஆண்டுக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இறங்கியது. ரனாவா என்ற கிராமத்தில் 1975-க்கும் 1985-க்கும் இடையே கால்வாசிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இளைஞர்கள் வேலை தேடிப் போன இடம் பெரும்பாலும் தெற்கே ஐவரி கோஸ்ட்டின் கோகோ, காப்பித் தோட்டங்கள்.

‘நாம்’ குழுக்கள்

பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் ‘கூட்டுறவு’ என்ற ஏற்பாட்டுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. 1910 முதல் காலனி அரசு சேமநலச் சங்கங்கள் என்று சில அமைப்புகளை உருவாக்கியது. தலைமையில் பிரெஞ்சு மாவட்ட அதிகாரி. உறுப்பினராவது கட்டாயம், சந்தா வரியோடு சேர்த்து வசூல். விவசாயிக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். விடுதலைக்குப் பிறகு வந்த அரசு அமைத்த குழுக்களும் அதே வாடையோடுதான் கிராமத்துக்குள் நுழைந்தன.

பெர்னார்ட் லெதேயா உயெத்ராவோகோ இதை உள்ளிருந்து பார்த்தவர். 1930-இல் யாத்தெங்கா பக்கத்து கூர்ஸியில் பிறந்தார், பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு கிராமப்புற இளைஞர்களுக்கு விவசாயப் பயிற்சி கொடுக்கும் அரசு வேலைக்குப் போனார். பயிற்சி முடித்தவர்களைக் கொண்டு அமைத்த நவீனக் குழுக்கள் ஒட்டவில்லை. ஆனால் எந்த அதிகாரியும் அமைக்காத ஒரு குழு ஒவ்வொரு மொஸ்ஸி கிராமத்திலும் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கொம்பி-நாம்.

கொம்பி-நாம் என்பது ஏறக்குறைய ஒரே வயது இளைஞர்களின் கூட்டம். மழைக்காலத்தில் ஊராரின் வயல்களில் சேர்ந்து களை எடுப்பார்கள், அறுப்பார்கள். கூலியாக வரும் தானியத்தையும் பணத்தையும் சேர்த்து வைத்து, பருவம் முடிந்ததும் விருந்தும் ஆட்டமுமாகச் செலவழித்துவிடுவார்கள். உள்ளே அரசவையைப் போலவே பதவிகள் உண்டு. பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது குணத்தையும் திறமையையும் பார்த்துத்தான். யார் வீட்டுப் பிள்ளை என்பது அங்கே எடுபடாது. படிநிலை இறுகிய மொஸ்ஸி சமூகத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

1967 முதல் உயெத்ராவோகோ செய்தது, இந்தப் பழைய கூட்டத்தை எடுத்து அதன் விதிகளில் ஒன்றை மட்டும் மாற்றியது. வருமானம் விருந்தாகப் போவதற்குப் பதில் சேமிப்பாகி, கிணறாகவோ தானியக் கிடங்காகவோ அரவை இயந்திரமாகவோ திரும்பி வரும். பதவிமுறை, ஒழுக்கம், ஒன்றாக வேலை செய்யும் பழக்கம் எல்லாம் அப்படியே. பெரியவர்களும் உள்ளே வந்தார்கள், பெண்களுக்கெனத் தனிக் குழுக்கள் உருவாயின. ‘நாம்’ குழு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ‘சிதைக்காமல் வளர்’ என்பது அவர்களின் முழக்கம். சுவரொட்டி வாசகமாகத் தோன்றும். ஆனால் எதைச் சிதைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பணம்தான் அடுத்த சிக்கல். 1976-இல் உயெத்ராவோகோவும் பிரெஞ்சுக்காரரான பெர்னார்ட் லெகோம்ட்டும் சேர்ந்து ‘ஸிக்ஸ்-எஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சாஹேலில் வேலையற்றுப் போகும் கோடை மாதங்களைப் பயன்படுத்து என்பதுதான் அந்த ஆறு எஸ்ஸின் பொருள். இதில் கவனிக்க வேண்டியது நிதி கொடுத்த விதம். வழக்கமாகக் கொடையாளர் முதலில் திட்டத்தை எழுதுவார், அதற்குப் பணம் வரும், பணத்துக்கு ஏற்பக் கிராமம் தன்னை வளைத்துக்கொள்ளும். ஸிக்ஸ்-எஸ் ஐரோப்பியக் கொடையாளர்களிடம் வாங்கிய தொகையை எதற்கு என்று முன்கூட்டியே எழுதாமல் குழுக்களின் ஒன்றியத்திடம் கொடுத்தது. எந்த வேலை, எந்த ஊரில், எப்போது என்பதை ஒன்றியம் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும். கணக்கைப் பிறகு காட்ட வேண்டும். இது மாலி, செனகல், நைஜர், டோகோ என்று பல நாடுகளுக்குப் பரவியது. 1990-இல் உயெத்ராவோகோவுக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது ‘நாம்’ குழுக்கள் புர்கினாவில் ஆயிரக்கணக்கில் இருந்தன.

ஒரு டியூப்

1979-இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் யாத்தெங்காவில் வேளாண் காடு வளர்ப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது; பிரெஞ்சுச் சுருக்கப் பெயர் ‘பாஃப்’. வந்தவர்களின் எண்ணம் மரம் நடுவது. மழைநீரைப் பிடிக்கச் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டிக் கன்று வைத்தார்கள். விவசாயிகள் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திக்குள் சோளத்தை விதைத்தார்கள். கன்று வாடியது, சோளம் தழைத்தது.

இந்த இடத்தில் பல திட்டங்கள் “விழிப்புணர்வு போதாது” என்று அறிக்கை எழுதி முடித்திருக்கும். பாஃப் ஆட்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சரி, இவர்களுக்கு வேண்டியது தானியம். தண்ணீரைத் தானியத்துக்குப் பிடித்துக் கொடுக்க இவர்களுக்கே தெரிந்த வழி என்ன? கேட்டபோது பழைய கல் வரிசைகளைக் காட்டினார்கள். வயலில் பொறுக்கிய கற்களைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வைப்பது முன்னோர் காலத்து வழக்கம். வறட்சிக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அது ஏன் முழுப் பலன் தரவில்லை என்பதற்கும் காரணம் தெரிந்தது. யாத்தெங்கா நிலம் கண்ணுக்குச் சமதளம் போலவே இருக்கும், சரிவு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். வெறும் கண்ணால் சம மட்டக் கோட்டைப் பிடிக்க முடியாது. வரிசை கொஞ்சம் கோணினாலும் நீர் முழுவதும் தாழ்ந்த முனைக்கு ஓடி, அங்கே உடைத்துக்கொண்டு போகும்.

அறிவியல் இந்த ஓர் ஓட்டையை மட்டும் அடைத்தது. பத்து இருபது மீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், இரு முனையிலும் அளவு குறித்த கம்பு, உள்ளே தண்ணீர். நம் கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே டியூப் லெவல். விலை அப்போது ஆறு டாலர் அளவில். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒன்றிரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம். ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர் பழகினால் ஊருக்கே போதும்.

கல் வரப்புக்கும் ஜெரெஸ் காலத்து மண் வரப்புக்கும் செயலில் பெரிய வேறுபாடு உண்டு. மண் வரப்பு நீரை அணைபோல் மறிக்கும், அளவு மீறினால் உடையும். கல் வரப்பு மறிப்பதில்லை. நீரின் வேகத்தைக் குறைத்து, பரப்பி, இடுக்கு வழியே மெதுவாக விடும். வேகம் குறைந்த நீர் சுமந்து வந்த வண்டலையும் சருகையும் வரப்புக்கு மேல்புறம் இறக்கிவிடும். மேட்டுக்காரரும் பள்ளத்துக்காரரும் சண்டை போட வேண்டியதில்லை, இருவருக்கும் தண்ணீர் உண்டு. முதல் ஆண்டே விளைச்சலில் தெரிந்தது. 1989 முடிவில் 400-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 8,000 ஹெக்டேர் இப்படிச் சீரானது.

குழு இங்கே எதற்கு? வரப்பு ஒரு வயலோடு நிற்பதில்லை, சரிவு முழுக்க ஓட வேண்டும். எவன் வயலில் முதலில் தொடங்குவது என்பதை யாராவது பேசி முடிக்க வேண்டும். தவிர, கல் சுமப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையும் இல்லை. கோடையில் குழு கூடி ஒருவர் நிலம் மாற்றி ஒருவர் நிலமாகச் செய்தது. பாஃப் தனியாட்களைத் தேடாமல் கிராமக் குழுக்களைத் தேடிப் போனதற்கு இதுவே காரணம். அவற்றில் பல ‘நாம்’ குழுக்கள்.

குழியும் கரையானும்

ஸாய் என்பது ஸிப்பெல்லே நிலத்தில் சின்னச் சின்னக் குழி வெட்டி விதைக்கும் பழைய முறை. ஒதுக்குப்புறத் துண்டு நிலங்களில், கையகலக் குழி, சில விரற்கடை ஆழம், அவ்வளவுதான் வழக்கம். 1980 வாக்கில், வாயிகூயா பக்கத்து கூர்கா கிராமத்தின் யாகூபா சவாதோகோ உள்ளிட்ட சில விவசாயிகள் இதைப் பெரிதாக்கினார்கள். குழியின் அகலம் 20 முதல் 30 சென்டிமீட்டர், ஆழம் 15 முதல் 20. வெட்டி முடித்ததும் குழிக்குள் ஓரிரு கைப்பிடி தொழு உரம் அல்லது மட்கு. இதையெல்லாம் கோடையிலேயே முடித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் குழி வரும்.

வறண்ட நிலத்தில் கோடையில் குழி தோண்டுகிறவனைப் பார்த்து ஊரார் பைத்தியம் என்றார்கள். சவாதோகோவின் பயிருக்கும் அவர் வளர்த்த மரங்களுக்கும் ஒருமுறை தீ வைக்கவும் செய்தார்கள். அவர் மறுபடி தொடங்கினார்.

அவருடைய முறையில் நிபுணர்களைத் திகைக்க வைத்தது கரையான். உரத்தைக் கோடையிலேயே குழிக்குள் போட்டால் கரையான் ஏறும் என்று எந்த வேளாண் அலுவலரும் எச்சரிப்பார். விவசாயிகளுக்கு வேண்டியது அதுதான். சருகையும் சாணத்தையும் தேடி வரும் கரையான் இறுகிய மண்ணுக்குள் துளை துளையாக வழி போடுகிறது. முதல் மழை அந்தத் துளை வழியே கீழே இறங்கிவிடுகிறது. 1990-களில் அப்துலாயே மாந்தோ என்ற ஆய்வாளர் புர்கினாவின் பாம் மாகாணத்தில் இதையே சோதித்தார்: ஓடு கட்டிய நிலத்தில் வைக்கோல் பரப்பிய பாத்திகளில் சிலவற்றில் பூச்சிமருந்து இட்டுக் கரையானை ஒழித்தார், மற்றவற்றில் விட்டுவைத்தார். கரையான் இருந்த பாத்திகளில் நீர் இறங்கியது, செடி முளைத்தது. கரையான் இல்லாதவற்றில் வைக்கோல் மட்டும் கிடந்து பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாட்டனிடம் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார் என்று ஒருவர் கேலி செய்யலாம். எனக்கு அப்படிப் படவில்லை. எந்த மண்ணில், எவ்வளவு, ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்த வட்டாரத்துக்காரர் தம் மண்ணுக்கு இது பொருந்துமா என்று முடிவு செய்ய முடியும்.

பிரெஞ்சு மண்ணியலாளர் எரிக் ரூஸும் புர்கினா ஆய்வாளர்களும் 1990-களின் தொடக்கத்தில் நடத்திய வயல் சோதனைகள் இன்னொன்றைத் தெளிவாக்கின. குழி மட்டும் வெட்டினால் பெரிய லாபம் இல்லை. குழியோடு மட்கு சேரும்போது விளைச்சல் தாவுகிறது. அதோடு கொஞ்சம் ரசாயன உரமும் சேர்ந்தால் இன்னும். சவாதோகோவின் முறையில் உயிர்நாடி எது என்று இது பிரித்துக் காட்டியது. பிறகு வறண்ட நிலப் பயிர்களை ஆயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட் சாஹேலில் பரப்பிய நுண்ணளவு உரமிடல், அதாவது ஒரு குத்துக்கு ஒரு பாட்டில் மூடி அளவு உரம், இந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்தியது. வயல் முழுக்க இறைக்கும் உரத்தை வாங்க முடியாதவரும் மூடியளவு உரம் வாங்குவார். அதையும் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ள ஒரு குழு இருந்தால் செலவு குறையும்.

விளைச்சல் எவ்வளவு? ஒன்றுமே விளையாத நிலத்தில், மழை பொய்த்த ஆண்டில் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ, நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை என்று இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டச்சுப் புவியியலாளர் கிறிஸ் ரைய் போன்றோர் குறித்திருக்கிறார்கள். யாத்தெங்கா உள்ளிட்ட புர்கினாவின் மத்தியப் பீடபூமியில் இப்படி மீட்கப்பட்ட நிலம் 2 முதல் 3 லட்சம் ஹெக்டேர் என்பது 2009-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பீடு. ரனாவாவில் கிணறுகளில் ஆண்டு முழுதும் நீர் நின்றது, காய்கறித் தோட்டம் வந்தது, ஊரை விட்டுப் போவதும் நின்றது. 1990-களின் நடுவிலிருந்து மழையும் ஓரளவு கூடியது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் மழை கூடுவதற்கு முன்பே சில ஊர்களில் நீர்மட்டம் ஏறத் தொடங்கியிருந்தது.

பரவிய வழிகள்

சவாதோகோ கூட்டுறவுக்காரர் அல்ல. ‘நாம்’ குழுக்கள்தான் ஸாயை வளர்த்தன என்று எழுதினால் அது பொய். அவர் 1984 முதல் தம் நிலத்தில் ஆண்டுக்கு இருமுறை சந்தை நாள் நடத்தினார். நூறு கிராமங்களுக்கு மேலிருந்து ஆட்கள் வந்து விதை மாற்றிக்கொண்டார்கள், குழி வெட்டிய அனுபவம் பேசினார்கள். ஊசெனி ஸோரோமே என்ற இன்னொரு விவசாயி 1992-இல் சரளை நிலம் ஒன்றில் ‘ஸாய் பள்ளி’ தொடங்கினார். ஊர்க்குழு ஒரு மோசமான நிலத்தை எடுத்து, சேர்ந்து குழி வெட்டிப் பழகும், அதுதான் வகுப்பறை. 2001 வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளும் ஆயிரம் உறுப்பினர்களும் இருந்தார்கள். இவை சந்தையாகவும் பள்ளியாகவும் ஒன்றியமாகவும் மூன்று விதத்தில் இயங்கினாலும், மூன்றிலும் சொல்லிக்கொடுத்தவர் விவசாயி, கேட்டவரும் விவசாயி.

எல்லை தாண்டியதும் அப்படித்தான். 1989-இல் நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து 13 விவசாயிகள் யாத்தெங்காவைப் பார்க்க வந்தார்கள். ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான இஃபாத்தின் நிதியில் நடந்த திட்டம் ஒன்று அழைத்து வந்தது. அவர்களிடமும் தாஸ்ஸா என்ற பெயரில் ஒரு பழைய குழிமுறை மங்கிப் போய்க் கிடந்தது. திரும்பிப் போய்ச் சிலர் முயன்றார்கள். 1990-இல் மழை பொய்த்தது. குழி வெட்டிய வயல்களில்தான் சொல்லிக்கொள்ளும்படி விளைந்தது. அப்புறம் பிரச்சாரம் தேவைப்படவில்லை. பாழ் நிலத்தை விலைக்கு வாங்கும் சந்தையே அங்கே உருவானது. குழி வெட்டும் கூலி இளைஞர் கூட்டங்கள் ஊர் ஊராகப் போகத் தொடங்கின.

வானிலை முன்கணிப்பில் இதே கதை வேறு முடிவோடு நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் புர்கினாவில் ஆய்வாளர்கள் விவசாயிகளுக்குப் பருவ மழைக் கணிப்பைக் கொண்டுபோனார்கள். கணிப்பு சொன்னது இந்தப் பருவத்தில் மொத்த மழை சராசரிக்கு மேலா கீழா என்று. விவசாயிகள் கேட்டது மழை எப்போது தொடங்கும், நடுவில் எத்தனை நாள் காயும், எப்போது முடியும் என்று. மரம் காய்ப்பதையும் காற்றின் திசையையும் இரவுக் குளிரையும் வைத்து அவர்கள் கணிப்பதும் அதைத்தான். டியூப் லெவல், விவசாயிகள் கேட்ட கேள்விக்கு விடையாக வந்தது. கணிப்பு அன்றைய அறிவியலால் சொல்ல முடிந்ததைச் சொன்னது.

தானியக் கிடங்கு

‘நாம்’ குழுக்களின் எல்லா முயற்சியும் வெற்றி என்று நினைக்க வேண்டாம். தானிய வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அறுவடை முடிந்ததும் வரி, கடன், கல்யாணச் செலவு எல்லாம் ஒன்றாக நெருக்க, விவசாயி சோளத்தை அடிமாட்டு விலைக்கு விற்பார். ஜூலையில் வீட்டுக் குதிர் காலியானதும் அதே சோளத்தை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவார். குழுவே அறுவடையில் வாங்கி வைத்துப் பஞ்ச மாதத்தில் நியாய விலைக்கு விற்றால் வியாபாரியின் பிடி தளரும். கணக்கு சரியாகவே இருக்கிறது.

கிடங்கைத் திறக்கும் நாளில்தான் கணக்கு தடுமாறும். வாசலில் நிற்பவர் பொறுப்பாளரின் சித்தப்பா. கையில் காசு இல்லை, அறுவடைக்குத் தருகிறேன் என்கிறார். இல்லை என்று சொல்ல அந்தச் சமூகத்தில் நாக்கு வராது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு பருவத்தில் மூலதனம் கரைந்துவிடும். சில ஆண்டுகளில் உணவு உதவி வந்து இறங்கி விலை சரிய, நல்ல விலைக்கு வாங்கி வைத்த குழு நஷ்டத்தில் மாட்டும். சாஹேல் முழுக்கத் தானிய வங்கிகள் இப்படியே சாய்ந்தன. கல் வரப்பில் துணை நின்ற அதே உறவும் கடப்பாடும் கிடங்கில் பாரமாயின. மரபு எல்லாவற்றுக்கும் உதவும் என்று பாடுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

‘நாம்’ கூட்டமைப்பு பின்னாளில் கண்டுபிடித்த மருந்து, முடிவைக் கிராமத்துக்கு வெளியே நகர்த்துவது. தனித்தனி வங்கிகளுக்குப் பதில் உணவுப் பாதுகாப்புக் கிடங்குகளின் வலையமைப்பு. கூட்டமைப்பு மொத்தமாகக் கடன் வாங்கி, மேற்குப் புர்கினாவில் மிச்சம் விளையும் பகுதியில் வாங்கி, வடக்கே அனுப்பும். கடனுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை மேலிருந்து வைத்ததால், பொறுப்பாளர் “என் கையில் இல்லை சித்தப்பா” என்று சொல்ல வழி பிறந்தது.

ஸிக்ஸ்-எஸ் அவ்வளவு அதிர்ஷ்டசாலியல்ல. அமைப்பு பெருத்தது, நாடுகள் கூடின, மத்திய நிர்வாகமும் செலவும் வளர்ந்தன, கொடையாளர்கள் விலகினார்கள், 1990-களில் சரிந்தது. கீழே இருந்த ‘நாம்’ கூட்டமைப்பு மட்டும் நின்றது.

வெளியே நின்றவர்கள்

ஒரு ஹெக்டேருக்குக் குழி வெட்ட ஏறக்குறைய 300 மணி நேர உழைப்பு வேண்டும். ஆள்பலம் உள்ள குடும்பம் செய்யும். கணவர் ஐவரி கோஸ்ட்டில் இருக்கும் பெண்ணால் ஆகாது. உரத்துக்கு மாடு வேண்டும், மட்குக் குழி வேண்டும், வண்டி வேண்டும். இனேரா என்ற தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் மாடு இழுக்கும் கொத்துக் கருவி ஒன்றை உருவாக்கியது. நெடுக்கிலும் குறுக்கிலும் கோடு கிழித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் குழி எடுக்கலாம், நேரம் பல மடங்கு குறையும். ஆனால் அதற்கும் உழவு மாடு வேண்டும். மறுபடியும் இருப்பவருக்கே.

ஃபுலானி மேய்ச்சல்காரர்களின் நிலை இன்னும் சிக்கல். முன்பு மொஸ்ஸி விவசாயிகள் தம் மாடுகளை அவர்களிடம் ஒப்படைப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் அவர்கள் கிடை போடுவார்கள். உரத்துக்கு மதிப்பு கூடியதும் விவசாயி மாட்டை வீட்டிலேயே கட்டிப் போட்டார். பாழாகக் கிடந்தபோது மேய்ச்சலுக்குத் திறந்திருந்த ஸிப்பெல்லே இப்போது வயலானது. மீட்ட நிலத்தின் கணக்கை எழுதும்போது, அது யாருக்கும் பயன்படாமல் கிடந்த நிலம் என்று எழுதுவது முழு உண்மையாகாது.

நில உரிமையும் உண்டு. மொஸ்ஸி வழக்கில் இரவல் நிலத்தில் மரம் நடுவது உரிமை கோருவதற்குச் சமம். அதனால் இரவல்காரரை நிலக்காரர் நட விடமாட்டார். விட்டாலும், நிலம் தேறியதும் திருப்பிக் கேட்கும் ஆபத்து இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் கணவர் வீட்டு நிலத்தில் இரவல்காரர்களே.

இப்போது

2010 டிசம்பரில் ஓஹாடா நாடுகள், அதாவது வணிகச் சட்டங்களைப் பொதுவாக்கிக்கொண்ட ஆப்பிரிக்க நாடுகள், கூட்டுறவுச் சட்டம் ஒன்றை ஏற்றன. 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புர்கினாவின் பழைய கிராமக் குழுக்கள் இரண்டு வடிவங்களில் ஒன்றாக மாற வேண்டும்: குறைந்தது ஐந்து பேர் கொண்ட எளிய கூட்டுறவு, அல்லது பதினைந்து பேருக்குக் குறையாமல் நிர்வாகக் குழுவோடு கூடிய பெரிய கூட்டுறவு. கடன், மானியம், உர ஒதுக்கீடு எல்லாம் பதிவைக் கேட்கும். பதிவுக்குப் பங்குத்தொகை, விதிகள், பிரெஞ்சில் எழுதிய ஏடுகள் வேண்டும். படிப்பறிவில்லாமலே டியூப் பிடிக்கப் பழகியவர்களின் அமைப்பு, பிரெஞ்சு தெரிந்த செயலாளரை நம்பி நிற்கும் நிலை. சட்டம் தவறு என்று சொல்லவில்லை; பொறுப்புக்கூறல் வேண்டும்தான். மூரேயில் ஏடு எழுத விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதைவிடப் பெரிய அடி வன்முறை. 2019-க்குப் பிறகு வடக்குப் புர்கினாவில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் பெருகி, 2023 வாக்கில் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். யாத்தெங்காவின் பல கிராமங்கள் காலியாயின. வாயிகூயா நகரம் அகதிகளால் நிரம்பியது. சவாதோகோ அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். குழியும் கல்லும் சுமந்து கொண்டுபோகக் கூடியவை அல்ல. தெரிந்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் போன இடத்தில் இரவல்காரர்கள். மேலே சொன்ன வழக்கப்படி, மண்ணைத் திருத்த அவர்களுக்கே தயக்கம் இருக்கும்.

இங்கே கூட்டுறவுகளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். புர்கினாவின் 2009-ஆம் ஆண்டுக் கிராம நிலச் சட்டம், நிலத்தை இரவல் கொடுப்பதை எழுத்துவழி ஒப்பந்தமாக்க இடம் தருகிறது. ஊர்மட்ட நில விதிகளை ஊராரே எழுதிக்கொள்ளவும் விடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக அகதிக் குடும்பம் தனியாக நிற்பதற்குப் பதில், அந்த ஊரின் பதிவு செய்த கூட்டுறவு நின்று, இத்தனை பருவம், கல் வரப்பு போடலாம், மரம் நிலக்காரருக்கு, விளைச்சல் உழுதவருக்கு என்று எழுதி வாங்கலாம். நிலக்காரருக்குத் தேறிய நிலம் திரும்பக் கிடைக்கும். உழுதவருக்குக் குழி வெட்டிய உழைப்பைத் திரும்ப எடுக்க நான்கைந்து அறுவடையாவது வேண்டும். பேரம் பேச வேண்டியது அந்த எண்ணைத்தான்.